312 குடும்பங்களும் ஒரு பழைய குறிப்பும்: ஒரு நிதி ஆலோசகரின் நிகழ்வு ஆய்வு

"கணவர் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறத் திட்டம். அதற்கேற்ப ரிஸ்க்கைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டும்."

இந்த வரியிலிருந்துதான் ஆய்வைத் தொடங்க வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் ஃபைலில், அவருடைய முதலீடுகளை அலசும் ரிவ்யூ சந்திப்புக்கு முந்தின நாள் தேதியோடு இருந்த குறிப்பு இது. அந்தக் கணவர் இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் பெயரிலிருந்த முதலீடுகளை மனைவி பெயருக்கு மாற்றும் படிவங்கள்கூட இதே அலுவலகம் வழியாகத்தான் போயிருந்தன, ஆலோசகரின் கையெழுத்தோடு. போன வருடக் குறிப்பை எடுத்து தேதியை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்தது.

மீட்டிங்கில் ஆலோசகர் திரையைப் பார்த்துக்கொண்டே, "சாரோட ரிட்டயர்மென்ட் தேதி முடிவாயிடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். எதிரே இருந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. திறந்து வைத்திருந்த கைப்பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடிவிட்டு, "அன்னைக்கு ராத்திரி போன்ல எங்கிட்ட எவ்வளவு நேரம் பேசினீங்க சார், ஞாபகம் இல்லையா?" என்றார். குரலில் கோபமே இல்லை. ஆலோசகர் மன்னிப்புக் கேட்டார், மீட்டிங்கைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், அந்த அம்மாவும் சரி என்றுதான் போனார். அன்று இரவு ஆலோசகர் என்னைக் கூப்பிட்டார். "எனக்கு வேலை செய்யத் தெரியும்னு பதினேழு வருஷமா நினைச்சுட்டிருந்தேன்" என்பதுதான் முதல் வாக்கியம்.

நானும் இதே தொழில்தான். அதற்குப் பிறகு பதினான்கு மாதம், மாதத்துக்கு இரண்டு முறை அவரோடு உட்கார்ந்தேன். பெயரும் அடையாளமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரை ஆலோசகர் என்றே சொல்கிறேன். எழுதச் சம்மதித்ததற்கு அவர் சொன்ன காரணம், தன்னைப் போலத் தனியாகத் தொழில் வளர்ப்பவர்கள் இதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்பது. எனக்கும் அது உண்மை என்று தெரியும்.

வெளியிலிருந்து பார்த்தால்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருந்தது. இன்சூரன்ஸ் விற்பனையில் தொடங்கியவர், ஆறாவது வருடத்தில் தனியாக வந்து, கமிஷனைக் குறைத்துக்கொண்டு, நிர்வகிக்கும் தொகையில் சதவீதக் கட்டணம் என்ற முறைக்கு மாறினார். 312 குடும்பங்கள், மூன்று அலுவலக ஊழியர்கள், மூன்று வருடமாகப் பேப்பர் வேலை பார்த்துவரும் ஒரு ஜூனியர் ஆலோசகர். கடைசி மூன்று வருட வளர்ச்சி அவர் வாழ்க்கையிலேயே அதிகம்.

உள்ளே இருந்தது வேறு. வார விடுமுறையின் கடைசி மாலை வந்தாலே வயிற்றில் ஒரு கனம் ஏறுமாம். போன் மணி அடித்தால் யார் என்று பார்ப்பார், எடுக்க மாட்டார். என்னிடம் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன். முதல் இரண்டு மாதத்தில் அவர் ஒரு வாடிக்கையாளரைக்கூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. "அந்தப் பெரிய போர்ட்ஃபோலியோ", "அந்தக் கம்ப்ளெயின்ட் கேஸ்", "அந்த டாக்டர் தம்பதி", இப்படித்தான் சொன்னார். பணிச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகங்கள் உண்டு என்றார்: சக்தி வற்றிப்போவது, எதிரே இருக்கும் மனிதரை ஒரு பொருளாகப் பார்க்கத் தொடங்குவது, நான் செய்வதால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது. உலக சுகாதார அமைப்பும் 2019இல் இதே மூன்றையொட்டித்தான் வரையறுத்தது, அதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. ஆலோசகருக்கு முதல் முகம் தெரிந்திருந்தது, எல்லோரையும் போல 'டயர்டா இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது முகத்தை அந்தக் கைப்பை மூடும் சத்தம்தான் காட்டிக்கொடுத்தது.

முதல் மூன்று மாதம் வீண்

இந்தப் பகுதியில் தவறு என்னுடையது. அவர் சோர்ந்திருக்கிறார், நேரத்தை ஒழுங்குபடுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். காலையில் இரண்டு மணி நேரம் போன் கிடையாது, மீட்டிங்குகளை மூன்று நாளுக்குள் அடக்கு, மாலை நடை, தியானம், இப்படி. அவரும் ஒழுங்காகச் செய்தார். மூன்றாவது மாத முடிவில் டைரி பார்க்க அழகாக இருந்தது, மனிதர் அப்படியே இருந்தார். அதற்கு முன்னாலேயே இரண்டு பயிற்சித் திட்டங்களுக்கு நல்ல பணம் கட்டியிருந்தார். இரண்டிலும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இலக்கை இரட்டிப்பாக்கி எழுதிச் சுவரில் ஒட்டுவது. களைத்துப்போனவரை இன்னும் வேகமாக ஓடு என்று தூண்டுவதை வளர்ச்சி என்று நம் தொழிலில் விற்கிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

நான்காவது மாதம் ஒரு தாளை எடுத்து வெறும் பெருக்கல் போட்டோம். 312 குடும்பம். எல்லோருக்கும் வருடத்துக்கு இரண்டு ரிவ்யூ என்று அவர் எழுத்தில் கொடுத்த வாக்குறுதி இருக்கிறது. ஒரு ரிவ்யூவுக்குத் தயாரிப்பு, சந்திப்பு, பிறகு குறிப்பு எழுதுவது என்று ஒழுங்காகச் செய்தால் மூன்று மணி நேரம். 312 பெருக்கல் 2 பெருக்கல் 3, மொத்தம் 1,872 மணி. வருடத்துக்கு 48 வாரம், வாரம் 40 மணி என்று வைத்தால் அவரிடம் இருப்பதே 1,920 மணிதான். மிச்சம் 48. இந்த 48 மணிக்குள் புதியவர்களைச் சந்திப்பது, மார்க்கெட் விழும்போது வரும் போன்கள், படிப்பது, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒரு மரணம் நேர்ந்த வீட்டுக்கு நேரில் போவது எல்லாமே அடங்க வேண்டும்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ குறிப்பை ஒட்டாம வேற என்னதான் பண்ண முடியும்?" என்றார். ஆமாம், அதுதான். அந்தக் குறிப்பு ஒட்டப்பட்டதற்குக் காரணம் அலட்சியம் என்றே அதுவரை அவர் தன்னை வதைத்துக்கொண்டிருந்தார். கணக்கைப் பார்த்தால், யாரோ ஒருவர் ஃபைலில் என்றைக்காவது இது நடந்தே தீர வேண்டும். ஒரு மனிதரால் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் சுமார் 150 என்று 1990களில் மானுடவியலாளர் ராபின் டன்பார் சொன்ன எண்ணை நம் தொழிலில் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அந்த எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு, அது நமக்குத் தேவையும் இல்லை. பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

312 எப்படி ஆனது

2019 கடைசியில் அவரிடம் 210 குடும்பங்கள்தான். 2020 பிப்ரவரி 19க்கும் மார்ச் 23க்கும் இடையில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ்&பி 500 குறியீடு சுமார் 34% விழுந்தது, நினைவிருக்கும். சதவீதக் கட்டணத்தில் தொழில் நடத்துபவருக்கு அந்த ஐந்து வாரம் எப்படிப்பட்டது என்பதை வெளியாட்கள் யோசித்திருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் பணத்தில் 60% பங்குச் சந்தையில் போட்டிருந்து, மீதி அசையாமல் நின்றது என்று வைத்தால், மொத்தத் தொகை 20% குறைகிறது, கட்டண வருமானமும் அதே 20% குறைகிறது. அதே வாரங்களில் போன்கள் மூன்று மடங்கு. அதாவது கூடுதல் வேலை, குறைந்த கூலி, அதோடு தன் பயத்தை மறைத்துக்கொண்டு நாள் முழுக்க அடுத்தவர்களின் பயத்தைத் தணிக்க வேண்டும். சம்பளத்துக்காக ஒரு உணர்ச்சியை முகத்தில் வரவழைத்துக்கொள்வதை 1983இல் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டுப் பேசினார். அதற்கு அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டது விமானப் பணிப்பெண்களை. நிதி ஆலோசகர்களையும் அந்த வரிசையில் தயங்காமல் சேர்க்கலாம்.

அந்த வருடம் ஆகஸ்ட்டுக்குள் குறியீடு பழைய உச்சத்துக்கு வந்துவிட்டது. இவருக்குள் போன பயம் வெளியே வரவில்லை. இனி ஒருமுறை வருமானம் இப்படி ஆடக் கூடாது என்று யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டார், 210 என்பது 312 ஆனது. இதில் இருக்கும் பிழையை அவரே ஐந்தாவது மாதம் கண்டுபிடித்தார். 312 குடும்பங்களும் அதே சதவீதக் கட்டணத்தில்தான் இருக்கிறார்கள். மார்க்கெட் விழுந்தால் 210 இருந்தபோதும் 20% குறையும், 312 இருக்கும்போதும் அதே 20%தான் குறையும். போன்கள் மட்டும் பாதிக்குப் பாதி கூடும். ஒரே கம்பெனியின் பங்கை இன்னும் நிறைய வாங்கிவிட்டு ரிஸ்க்கைப் பரவலாக்கிவிட்டேன் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் அவர் விட்டிருப்பாரா? பயத்தில் எடுத்த முடிவுக்கு வளர்ச்சி என்று பெயர் வைத்து மூன்று வருடம் கைதட்டல் வாங்கியிருக்கிறார்.

கைதட்டியவர்களையும் குறை சொல்ல முடியாது, இந்தத் தொழிலின் அளவுகோலே விற்பனையிலிருந்து வந்தது. உச்சக் காப்பீட்டு விற்பனையாளர்களின் சங்கமான எம்டிஆர்டி (மில்லியன் டாலர் ரவுண்ட் டேபிள்) 1927இல் 32 பேர் கூடித் தொடங்கியது, அன்றைக்கு அதன் நுழைவுத் தகுதி, பெயரே சொல்வது போல, வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்குக் காப்பீடு விற்றிருப்பது. நிதித் திட்டமிடல் என்ற தனித் தொழிலுக்கு வித்திட்ட சிகாகோ கூட்டம் நடந்தது 1969 டிசம்பரில், வந்தவர்கள் 13 பேர், பெரும்பாலும் விற்பனைப் பின்னணி. நல்ல ஆலோசனையை எதை வைத்து அளப்பது என்பதற்கு இன்னும் பொதுவான ஒரு கோல் கிடையாது. எத்தனை பேர், எவ்வளவு தொகை என்று எண்ணுவது சுலபம், அதனால் அதையே எண்ணுகிறோம். இவ்வளவுக்கும் அதே எம்டிஆர்டி, மார்ட்டிமர் ஆட்லர் என்ற தத்துவ அறிஞரின் பேச்சுக்குப் பிறகு 1960களிலேயே 'முழு மனிதர்' என்ற கருத்தை ஏற்றுக்கொண்டது: தொழிலோடு குடும்பம், உடல், கல்வி, சமூகம் எல்லாம் சேர்ந்து வளர வேண்டும் என்று. உச்ச விற்பனையாளர்கள் கூடும் இடத்திலேயே அந்தக் குறை அவ்வளவு சீக்கிரம் உணரப்பட்டிருக்கிறது.

மேஜையின் இந்தப் பக்கம்

ஆறாவது மாதம் அவரிடம் ஒன்று கேட்டேன்: உங்களுடைய நிதித் திட்டம் எங்கே? இல்லை. பதினேழு வருடத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு எழுதிக்கொடுத்தவரிடம் சொந்தமாக ஒரு பக்கம்கூட இல்லை. வேறொரு ஆலோசகரிடம் கட்டணம் கட்டி, வாடிக்கையாளராகப் போய் உட்காரச் சொன்னேன். கூச்சப்பட்டார், ஒரு மாதம் தள்ளிப்போட்டார், கடைசியில் போனார்.

சொத்து முக்கால்வாசி தன் தொழிலின் மதிப்பாகவே இருந்தது. ஓய்வுக்காலத்தில் அதை விற்றுக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு, வாங்குபவர் யார் என்று தெரியாது. நாளைக்கு அவருக்கே ஏதாவது ஆனால் 312 குடும்பங்களை யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் ஒரு வரி கிடையாது. வருமானம் வராமல் போனால் காக்கும் காப்பீடு, பத்து வருடத்துக்கு முந்தின அளவிலேயே நின்றிருந்தது.

அவர் போய்ப் பார்த்த அந்த இன்னொரு ஆலோசகர், வாழ்க்கைத் திட்டமிடலைப் பரப்பிய நிதி ஆலோசகர் ஜார்ஜ் கிண்டரின் மூன்று கேள்விகளையும் அவரிடம் கேட்டார். நம் தொழிலில் பலருக்கும் தெரிந்தவைதான், இவரும் பயிற்சியில் கற்று வாடிக்கையாளர்களிடம் கேட்பவர். வாழ்நாளுக்குப் போதுமான பணம் இருந்தால் எப்படி வாழ்வீர்கள். இன்னும் ஐந்து முதல் பத்து வருடம்தான் என்று டாக்டர் சொன்னால் எதை மாற்றுவீர்கள். ஒரே ஒரு நாள்தான் மிச்சம் என்றால் எதைச் செய்யாமல் போனதற்கு வருந்துவீர்கள். மூன்றாவதில் குடும்பம், பயணம் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு, அதை எனக்குத் திரும்பச் சொல்லும்போதே முகம் மாறியது.

தொழிலின் ஆரம்பத்தில், கணவரையோ பெற்றோரையோ இழந்தவர்கள் ஒரு பை நிறைய பேப்பரோடு வருவார்களாம். பாலிசி, பாஸ்புக், பழைய ரசீது, என்றோ முடிந்துபோன டெபாசிட், எதற்கென்றே தெரியாத ஒரு சாவி. அத்தனையையும் மேஜையில் கொட்டி மூன்று குவியலாகப் பிரிப்பார்: இந்த வாரமே செய்ய வேண்டியது, இந்த வருடத்துக்குள் செய்ய வேண்டியது, கிழித்துப் போடலாம் என்பது. முதல் குவியல் எப்போதும் மிகச் சின்னதாகத்தான் இருக்கும். அதை அவர்கள் பக்கம் நகர்த்தி, "இப்போதைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லும்போது எதிரே இருப்பவரின் தோள் இறங்குமாம். "அந்தத் தோள் இறங்கறதப் பாக்கத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்னு தோணுது. கடைசியா எப்பப் பாத்தேன்னு தெரியல" என்றார்.

வாரம் எத்தனை மணி நேரம் அந்த வேலைக்குப் போகிறது என்று ஒரு மாதம் குறித்துப் பார்த்தோம். 52 மணி வேலையில் சராசரி 3. பை கொண்டுவருபவர்களை ஊழியர்கள்தான் பார்த்துப் படிவம் நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அவர் கையெழுத்து மட்டும் போட்டார். முதலில் சொன்ன அந்த அம்மாவுக்கும் நடந்தது அதுதான்.

மனிதருக்கு வேலையில் நிறைவு வர மூன்று தேவை என்பார்கள் உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும்: தன் விருப்பப்படி நடக்கும் உரிமை, திறமை வளர்கிறது என்ற உணர்வு, மனிதர்களோடு ஒட்டுதல். சொந்தத் தொழில் நடத்துபவருக்கு முதலாவது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். இவருடைய டைரியை 312 பேர் நிரப்பினார்கள், அவர் நிரப்பவில்லை. மூன்றாவது எங்கே போனது என்று மேலேயே பார்த்தோம்.

மாற்றியது, அதில் சறுக்கியது

ஒரே முதலீட்டோடு நின்று, பல வருடமாக ஆலோசனை என்று எதுவும் கேட்காத 61 குடும்பங்களுக்கு, இனி ரிவ்யூ கிடையாது, கட்டணமும் கிடையாது, நீங்களே நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கி விடுவித்தார். 104 குடும்பங்களை ஜூனியரிடம் ஒப்படைக்க முடிவாயிற்று. அவரிடம் 147. இப்போது ரிவ்யூ நேரம் 882 மணி, பாதி வருடத்துக்கும் குறைவு.

தாளில் சுலபம். முதல் 15 பேருக்கு மின்னஞ்சலில் சொன்னார், மோசமாகப் போயிற்று. "நாங்க சின்ன ஆளுங்க, அதனாலதானே?" என்று நேராகவே கேட்டார்கள். அதில் ஒருவர் பதினேழு வருடத்துக்கு முன் இவரை நம்பி முதல் பாலிசி எடுத்தவர். போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு ஆளிடம் மாற்றிக்கொண்டு போய்விட்டார். அதைப் பற்றி இப்போதும் ஆலோசகரால் சாதாரணமாகப் பேச முடியவில்லை, எனக்கும் அதற்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. சின்னவர்களைக் கழித்துக்கட்டு என்று நம் தொழிலில் லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சின்னவர்கள்தான் பலருக்கும் முதல் வருடச் சோறு போட்டவர்கள். மீதி 89 பேரை மூவர் சந்திப்பாக மாற்றினார்: குடும்பம், அவர், ஜூனியர். ஃபைலில் இல்லாத விஷயங்களை, எதற்குப் பயப்படுவார்கள், எந்தப் பிள்ளையிடம் பேச வேண்டும் என்பதை எல்லாம், ஜூனியருக்கு அவர்கள் முன்னாலேயே சொல்லி ஒப்படைத்தார். மொத்தத்தில் விலகியவர்கள் 19, பெரும்பாலோர் மின்னஞ்சல் போனவர்கள்.

வருமானம் முதலில் 13% குறைந்தது. ஜூனியருக்குச் சம்பள உயர்வும் பங்கும் தர வேண்டியிருந்ததால் தன் கைக்கு எடுப்பதை அதைவிட அதிகமாகக் குறைத்தார். வீட்டில் அதற்கு ஒரு கடினமான பேச்சு நடந்தது, அது அவர்களுடையது. பதினான்காவது மாதத்திலும் பழைய அளவுக்கு 6% கீழேதான். அவருக்கு ஏதாவது ஆனால் ஜூனியரும் இன்னொரு ஆலோசகரும் பொறுப்பேற்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, காப்பீடும் உயர்த்தியாயிற்று.

160 என்று தனக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டார். காலியாக இருந்த 13 இடத்தை, சமீபத்தில் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார். இதுவரை 11 குடும்பங்கள் வந்திருக்கின்றன. குவியல் பிரிக்கும் வேலை இப்போது வாரம் 9 மணி. சொத்து மாற்றச் சட்டங்களை முறையாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறார், காலையில் நான் தடுத்துவைத்த அந்த இரண்டு மணி நேரம் இப்போதுதான் பயன்படுகிறது. இரவுத் தூக்கம் சில வாரம் நன்றாக இருக்கிறது, சில வாரம் இல்லை. அந்த அம்மா மறுபடி வந்தார்; தன் தங்கை பையோடு வந்தபோதும் கூடவே வந்தார்.

கடைசிச் சந்திப்பில் ஜூனியரும் இருந்தார். ஒப்படைத்தவற்றில் 85 குடும்பங்களோடு, தானாகச் சேர்த்த 52 குடும்பங்கள் அவரிடம், ஆர்வம் பொங்கும் வயது. வழக்கம்போல மூன்று ஃபைல்களைக் குருட்டாம்போக்கில் எடுத்துப் பார்த்தோம். மூன்றாவதில் போன வருடக் குறிப்பு, வரிக்கு வரி, தேதி மட்டும் புதிது. ஜூனியரின் காது சிவந்துவிட்டது. ஆலோசகர் ஒன்றும் சொல்லாமல் இழுப்பறையைத் திறந்து, நான்காவது மாதம் நாங்கள் பெருக்கல் போட்ட அந்தத் தாளை எடுத்தார், மறுபக்கத்தைத் திருப்பி, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க எண்ணை நீங்களே போடுங்க" என்றார்.